வேதம், மரபு, திருச்சபை அதிகாரம்: ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் கேட்டுக்கொள்ளும் கேள்விகள்

தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில் பக்கம் ரோமன் கத்தோலிக்கரின் (ஆர்.சி.) மாதா கோயிலும், புரொட்டஸ்டன்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்கள் நிறைய. பெண் கொடுத்து எடுப்பதும் உண்டு. அப்படிச் சம்பந்தம் பேசும்போதும், கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்று யோசிக்கும்போதும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு தரப்பு தன் நிலையை எப்படிச் சொல்லிக்கொள்ளுமோ அப்படியே சொல்லப் பார்த்திருக்கிறேன். நடுவில் என் கருத்து வந்தால் அது என் கருத்து என்று தெரியும்.

உண்மையில் சண்டை எதைப் பற்றி? கத்தோலிக்கர் வேதத்தை நம்புவதில்லையா?

நம்புகிறார்கள். வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதில் இரு தரப்புக்கும் துளி வித்தியாசம் இல்லை. ஒரு வசனத்துக்கு இரண்டு பேர் இரண்டு அர்த்தம் சொன்னால், யார் சொல்வது கடைசிச் சொல்? திருச்சபை என்றைக்காவது தவறாகப் போதித்துவிட்டால் அதைத் திருத்துவது எது? சண்டை இந்த இரண்டு கேள்விகளில்தான். 'அவர்களுக்கு வேதம், இவர்களுக்கு மரபு' என்று பிரித்துப் பேசுவது எளிது. ஆனால் அப்படிப் பேசினால் இரண்டு பேரையும் தப்பாகப் புரிந்துகொள்வோம் என்பது என் உறுதியான எண்ணம்.

'வேதம் மட்டுமே' என்று லூத்தர் சொன்னாரே, மரபை முழுக்கத் தூக்கி எறியத்தானே?

இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்கும். புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியத் துறவி லூத்தர் 1517 அக்டோபர் 31இல் விட்டன்பர்க்கில் வெளியிட்ட 95 கருத்துரைகள் பெரும்பாலும் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைப் பற்றியவை. அதிகாரம் பற்றிய கேள்வி சூடுபிடித்தது 1519இல், லைப்சிக் நகரில் யோகான் எக் என்ற இறையியலாளரோடு நடந்த வாதத்தில். எக் சாமர்த்தியசாலி. "நீர் சொல்வது யான் ஹுஸ் சொன்னது மாதிரி இருக்கிறதே" என்ற பக்கமாக லூத்தரை நகர்த்திக்கொண்டே போனார். ஹுஸ் என்பவரைக் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் (திருச்சபை முழுவதுக்கும் ஆயர்கள் கூடும் சங்கம்) பேதகன், அதாவது தவறான போதனைக்காரர், என்று தீர்த்து, 1415இல் உயிரோடு எரித்திருந்தார்கள். அவர் சொன்னவற்றில் சில நல்ல கிறிஸ்தவப் போதனைகளே என்று லூத்தர் ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில், பொதுச்சங்கமும் தவறலாம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. போப்பும் தவறலாம், சங்கமும் தவறலாம் என்றால் மிச்சம் என்ன? 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் அவர் கொடுத்த பதில் அதற்குத்தான்: வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ மெய்ப்பித்தால் ஒழிய நான் பின்வாங்க முடியாது, என் மனசாட்சி தேவ வார்த்தைக்குக் கட்டுப்பட்டது.

ஆக, தவறவே தவறாத ஒரே அளவுகோல் வேதம் என்பதுதான் அந்தக் கோட்பாடு. மற்ற அதிகாரங்களும் உண்டு, ஆனால் அவை வேதத்தால் திருத்தப்படக்கூடியவை. லூத்தர் விசுவாசப் பிரமாணங்களை வைத்துக்கொண்டார், குழந்தை ஞானஸ்நானத்தை வைத்துக்கொண்டார், ஆதித் திருச்சபை ஆசிரியரான அகுஸ்தீனை மேற்கோள் காட்டாமல் அவருக்குப் பொழுது போகாது. இன்னொரு சீர்திருத்தக்காரரான கால்வினும் அகுஸ்தீன் போன்ற சபைப் பிதாக்களைக் கரைத்துக் குடித்தவர். சி.எஸ்.ஐ. ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அது நாலாம் நூற்றாண்டுச் சங்கங்களில் உருவானது. மரபு வேண்டவே வேண்டாம் என்றால் அதைச் சொல்ல முடியாது.

'என் கையில் பைபிள் இருக்கிறது, எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம்' என்பது பிற்காலத்தில் சிலரிடம் வந்த மனப்போக்கு. அதைச் சீர்திருத்தக்காரர்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. 1640களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைகூட வேதத்தில் எல்லாமே ஒரே அளவு தெளிவு என்று சொல்லவில்லை. இரட்சிப்புக்குத் தேவையானவை, படித்தவரும் படிக்காதவரும் தகுந்த முயற்சி எடுத்தால் விளங்கிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன என்றுதான் சொல்கிறது.

கத்தோலிக்கர் 'மரபு' என்பது எதை? தேர் இழுப்பது, கொடியேற்றுவது எல்லாமா?

அது இல்லை. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேற்றுகிறார்கள், செப்டம்பர் 8 வரை திருவிழா நடக்கிறது. இது பக்தி வழக்கம். நாளைக்கே ஆயர் மாற்றலாம். குருக்கள் திருமணம் செய்யாமல் இருப்பதும் இலத்தீன் வழிபாட்டு முறையின் ஒழுங்கு. ரோமோடு ஒன்றித்த கீழைத் திருச்சபைகள் பலவற்றில் திருமணமான குருக்கள் இருக்கிறார்கள். இவை எல்லாம் சிறிய மரபுகள், மாறக்கூடியவை.

திருத்தூதர்கள் வழியாக வந்து, போதனையிலும் வழிபாட்டிலும் வாழ்விலும் திருச்சபை தொடர்ந்து கையளித்துவரும் இறை வெளிப்பாடு, அதுதான் 'தூய மரபு' என்று அவர்கள் சொல்வது. இயேசு புத்தகம் எழுதவில்லை, ஆட்களை அனுப்பினார். அவர்கள் முதலில் பிரசங்கித்தார்கள், பிறகுதான் எழுதினார்கள். புதிய ஏற்பாட்டு நூல்கள் எழுதி முடிவதற்கு முன்பே திருச்சபை ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டும் அப்பம் பிட்டுக்கொண்டும் இருந்தது. கத்தோலிக்க வாதத்தின் அடித்தளம் இந்த வரலாற்று உண்மை.

திரிதெந்துப் பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8இல் இதைச் சட்டமாக்கியது: இரட்சிப்பின் உண்மையும் ஒழுங்கும் எழுதப்பட்ட நூல்களிலும் எழுதப்படாத மரபுகளிலும் அடங்கியிருக்கின்றன, இரண்டையும் சம பக்தியோடு ஏற்கிறோம். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. முதல் வரைவில் 'ஒரு பகுதி நூல்களிலும், ஒரு பகுதி மரபிலும்' என்று இருந்தது. கடைசித் தீர்மானத்தில் அந்த 'ஒரு பகுதி' எடுக்கப்பட்டு வெறும் 'உம்' மட்டும் நின்றது. அதனால் இரட்சிப்புக்குத் தேவையான எல்லாமே ஏதோ ஒரு வகையில் வேதத்தில் இருக்கிறது, மரபு அதை விளக்கிக் காட்டுகிறது என்று சொல்லவும் கத்தோலிக்கருக்கு இடம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இதை வைத்துக் கத்தோலிக்க அறிஞர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய ஏடு, வேதமும் மரபும் ஒரே தெய்வீக ஊற்றிலிருந்து வருகின்றன என்கிறது.

அப்படியானால் திருச்சபையின் ஆசிரியம் வேதத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா?

அதே ஏடு பத்தாம் பத்தியில் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: ஆசிரியம் இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணி செய்கிறது, ஒப்படைக்கப்பட்டதை மட்டுமே போதிக்கிறது. ஆசிரியம் என்பது திருத்தந்தையும் அவரோடு ஒன்றித்த ஆயர்களும் போதிக்கும் அதிகாரம். ஆனால் அதே பத்தி, இறைவார்த்தைக்கு அதிகாரபூர்வமாக விளக்கம் தரும் பணி அந்த ஆசிரியத்துக்கு மட்டுமே உரியது என்றும் சொல்கிறது.

ஒரு புரொட்டஸ்டன்ட் இங்கே கையைத் தூக்கிக் கேட்பார்: பணியாள்தான், சரி. ஆனால் எஜமான் என்ன சொன்னார் என்பதை அந்தப் பணியாள் மட்டும்தான் சொல்லலாம் என்றால், பணியாளை எஜமான் திருத்துவது எப்படி? இது அந்தத் தரப்பின் மிக வலுவான கேள்வி என்று நினைக்கிறேன். தூய ஆவி திருச்சபையைக் கைவிட மாட்டார் என்ற வாக்குறுதியே கத்தோலிக்கரின் பதில். அதை விசுவாசமாக ஏற்றால் பதில் முழுமை. ஏற்காதவருக்குக் கேள்வி அப்படியே நிற்கும்.

வேதமே இதைப் பற்றி என்ன சொல்கிறது?

இரண்டு பேருக்கும் பிடித்த வசனங்கள் இருக்கின்றன. கத்தோலிக்கர் 2 தெசலோனிக்கேயர் 2:15ஐ எடுப்பார்கள். வாய்மொழியாலோ நிருபத்தாலோ நாங்கள் போதித்ததைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று பவுல் சொல்கிறார். 1 தீமோத்தேயு 3:15 சபையைச் சத்தியத்தின் தூணும் ஆதாரமும் என்கிறது. புரொட்டஸ்டன்ட் தரப்பு மாற்கு 7க்குப் போகும். வயதான தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை 'கொர்பான், கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது' என்று சொல்லிக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளும் மகனை அன்றைய மரபு அனுமதித்தது. உங்கள் பாரம்பரியத்தால் தேவ வசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு கடிந்துகொண்டார். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 பாராட்டுகிறது.

எல்லோரும் மேற்கோள் காட்டும் 2 தீமோத்தேயு 3:16க்கு ஒரு வசனம் முன்னால் பாருங்கள். தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்த வேத எழுத்துகள் என்று பவுல் சொல்கிறார். தீமோத்தேயு சிறுவனாக இருந்தபோது புதிய ஏற்பாடு இல்லை. அந்த வசனம் வேதத்தின் பயனை உரக்கச் சொல்கிறது, 'மட்டுமே' என்ற சொல் அதில் இல்லை. அதே நேர்மையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தெசலோனிக்கேயருக்குப் பவுல் வாய்மொழியாகச் சொன்னது என்ன என்று அந்த வசனம் பட்டியல் தரவில்லை. பின்னாளில் வந்த ஒரு போதனையை அதில் ஏற்றிவிட முடியாது.

ஒரு பைபிளில் 73 நூல், இன்னொன்றில் 66. யார் கூட்டினார், யார் குறைத்தார்?

'நீங்க கூட்டிட்டீங்க', 'நீங்க கிழிச்சுட்டீங்க' என்று இரண்டு பக்கமும் சொல்வதை நிறுத்தினால் நல்லது. வித்தியாசம் முழுக்கப் பழைய ஏற்பாட்டில்: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள், அப்புறம் எஸ்தர், தானியேல் நூல்களில் சில கூடுதல் பகுதிகள். இவை கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இருந்தன. யூதர்களின் எபிரேயத் திருமுறையில் (வேதம் என்று ஏற்கப்பட்ட நூல்களின் பட்டியலில்) இல்லை. ஆதித் திருச்சபையிலேயே இதில் இரண்டு கருத்து இருந்தது. எபிரேயத்தில் உள்ளவற்றையே முழுத் திருமுறை என்று, வேதத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமு நினைத்தார். அகுஸ்தீன் இவற்றையும் சேர்த்தார். 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் அகுஸ்தீன் பக்கம் நின்றார்கள். திரிதெந்து அதை எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. லூத்தர் 1534இல் முழு ஜெர்மன் பைபிளை வெளியிட்டபோது இவற்றைக் கிழித்துப் போடவில்லை. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் தனியாக வைத்து, வேதத்துக்குச் சமம் அல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்று குறித்தார். 1611இன் ஆங்கிலப் பைபிளிலும் இவை இருந்தன. அச்சிடுவதையே விட்டது பெரும்பாலும் பிற்காலத்தில், குறிப்பாக 1826இல் லண்டன் வேதாகமச் சங்கம் இவற்றுக்குப் பணம் செலவிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகு.

இதனால் போதனையில் என்ன வித்தியாசம் வரும் என்பதற்கு 2 மக்கபேயர் 12ஐத் திறந்து பாருங்கள். போரில் இறந்த வீரர்களைப் புதைக்க யூதா மக்கபே போகிறார். ஒவ்வொருவர் உடையின் அடியிலும் அந்நியத் தெய்வங்களின் தாயத்துகள் இருக்கின்றன. செய்யக்கூடாத பாவம். எல்லோரும் அவர்களுக்காக மன்றாடுகிறார்கள். யூதா இரண்டாயிரம் வெள்ளி திராக்மா வசூலித்து, பாவப் பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். இந்த நூல் திருமுறையில் இருந்தால், இறந்தோருக்காக வேண்டுவதற்கு வேத ஆதாரம் கையில் இருக்கிறது. இல்லையென்றால் அது ஒரு பழைய வரலாற்றுச் செய்தி. ஆகவே எது வேதம் என்ற கேள்வியைத் தீர்க்காமல் 'வேதத்தில் எங்கே இருக்கிறது' என்று கேட்டுப் பயன் இல்லை.

கத்தோலிக்கரின் மிக வலுவான வாதமும் இங்கேதான் இருக்கிறது. உள்ளடக்க அட்டவணை வானத்திலிருந்து விழவில்லை. இன்று நம்மிடம் உள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூடுதல் குறைவு இல்லாமல் பட்டியலிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பாஸ்கா மடல். அந்தப் பட்டியலுக்குத் திருச்சபையை நம்புகிறவர்கள் மற்றதற்கு ஏன் நம்பக்கூடாது? புரொட்டஸ்டன்ட் பதில்: திருச்சபை வேதத்தை இனங்கண்டது, உண்டாக்கவில்லை. பத்தர் உரைகல்லில் உரசிப் பார்த்து இது தங்கம் என்கிறார், அவர் சொன்னதால் அது தங்கமாகவில்லை. நல்ல பதில்தான். ஆனாலும் பத்தருக்குக் கண் சரியாக இருந்தது என்று நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

போப் சொல்வதெல்லாம் தவறாது என்று கத்தோலிக்கர் நம்புகிறார்களா?

இல்லை. அவர் பாவம் செய்யமாட்டார் என்பதும் இல்லை, அவருடைய பேட்டியும் அரசியல் கருத்தும் தவறாதவை என்பதும் இல்லை. 1870 ஜூலை 18இல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்த வழுவா வரத்துக்கு நிபந்தனைகள் உண்டு: எல்லாக் கிறிஸ்தவர்களின் மேய்ப்பர் என்ற பதவியிலிருந்து, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை, முழுத் திருச்சபையும் ஏற்கவேண்டும் என்று அவர் வரையறுக்கும்போது மட்டுமே. அதற்குப் பின் இப்படி வெளிப்படையாக நடந்தது ஒருமுறைதான். 1950 நவம்பர் 1இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மாதாவின் விண்ணேற்பை அறிவித்தார். அதற்கு முன் 1946இல் உலகமெங்கும் உள்ள ஆயர்களுக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டிருந்தார்.

புரொட்டஸ்டன்டுகளுக்கு நெருடுவதும் சரியாக இதுதான். மரியா உடலோடு எடுத்துக்கொள்ளப்பட்டதாக வேதத்தில் நேரடியாக எங்கும் இல்லை. பக்தியாக நம்புவது வேறு, நம்பியே ஆகவேண்டும் என்பது வேறு. ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஆறாவது இதைத்தான் சொல்கிறது: வேதத்தில் வாசிக்கப்படாததையும் அதனால் நிரூபிக்கப்படாததையும் இரட்சிப்புக்கு அவசியம் என்று யாரிடமும் கேட்கக்கூடாது.

வேதம் தெளிவு என்றால் இத்தனை சபைகள் ஏன்?

இதைக் கேட்டு சிரிக்கும் கத்தோலிக்கர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கும் விஷயம் இல்லை, வருத்தப்படும் விஷயம். பிளவு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தக்காரர் சுவிங்லியும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். உட்காரும் முன் லூத்தர் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மேசைமேல் 'இது என் உடல்' என்று இலத்தீனில் எழுதி, மேலே துணியைப் போட்டு மூடினார். அந்த இலத்தீன் வாக்கியத்தில் 'ஆகும்' (est) என்றால் 'குறிக்கிறது' என்றுதான் பொருள் என்றார் சுவிங்லி, மாம்சம் ஒன்றுக்கும் உதவாது என்ற யோவான் 6:63ஐக் காட்டினார். லூத்தர் துணியை விலக்கி எழுத்தைக் காட்டினார். 15 பிரிவுகளில் 14இல் ஒத்துப்போனார்கள். திருவிருந்தில் கிறிஸ்துவின் உடல் இருக்கிறதா என்பதில் முறிந்தது. இரண்டு பேரும் வேதம் மட்டுமே என்றவர்கள், இரண்டு பேரும் கிரேக்கம் தெரிந்தவர்கள்.

இதைப் புரொட்டஸ்டன்ட் நண்பர்கள் தட்டிக்கழிக்கக் கூடாது என்பேன். அவர்கள் திருப்பிச் சொல்வதிலும் உண்மை உண்டு: ஒரே தலைமை இருந்தும் கிழக்கும் மேற்கும் பிரிந்தன, கத்தோலிக்கருக்குள்ளும் ஆழமான கருத்து வேற்றுமைகள் இருக்கின்றன. ஒற்றுமை மட்டுமே சத்தியத்துக்குச் சான்று ஆகாது.

கத்தோலிக்கரை முன்பு பைபிள் படிக்க விடவில்லை என்பது உண்மையா?

பாதி உண்மை. 1229இல் தூலூஸ் சங்கம் பொதுமக்கள் தாய்மொழியில் வேதம் வைத்திருப்பதைத் தடுத்தது. 1564இன் தடைநூல் விதிகள்படி தாய்மொழிப் பைபிள் வாசிக்க அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மறுபக்கம், லூத்தருக்கு முன்பே ஜெர்மனில் 18 முழுப் பைபிள் பதிப்புகள் அச்சாகியிருந்தன. தமிழில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். கத்தோலிக்கக் குரு என்றிக் என்றிக்கஸ் 1578இல் கொல்லத்தில் முதலில் அச்சிட்டது 'தம்பிரான் வணக்கம்' என்ற ஞானோபதேசம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் சீகன்பால்கு எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டையே அச்சில் கொண்டுவந்துவிட்டார். விசுவாசியின் கையில் முதலில் எதைக் கொடுக்க வேண்டும் என்று இரு தரப்பும் நினைத்தது இதில் அப்படியே தெரிகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. விசுவாசிகள் எல்லோருக்கும் வேதம் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் கேட்டது.

இன்றைக்கு ஒரு புதுக் கேள்வி வந்தால் இரு பக்கமும் எப்படி முடிவெடுக்கின்றன?

பெண்களுக்குக் குருத்துவம் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை சேர்ந்து உருவான சி.எஸ்.ஐ.யில் பேராயர்கள் உண்டு, ஆனால் தீர்மானம் சினாடு என்ற பிரதிநிதிகள் மன்றத்தில் நடக்கும். பேராயர், குருமார், சபையார் எல்லோரும் அதில் உட்காருவார்கள். அவர்கள் வேதத்தை வைத்து விவாதித்து, பெண்களை அருட்பணிக்கு அபிஷேகம் செய்யத் தீர்மானித்தார்கள். 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்கு எகோனி புஷ்பலலிதா பேராயர் ஆனார். கத்தோலிக்கப் பக்கம் 1994இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடல் வேறு வகையில் பேசுகிறது: பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை. கவனியுங்கள், 'கொடுக்க மாட்டோம்' என்று அவர் எழுதவில்லை. கிறிஸ்து பன்னிருவரைத் தேர்ந்த முறையும் இடைவிடாத மரபும் தன் கையைக் கட்டுகின்றன என்கிறார். ஒரு சபை தன்னைத் திருத்திக்கொள்ள உரிமை உண்டு என்று நினைக்கிறது. இன்னொன்று பெற்றதை மாற்றத் தனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறது.

பெந்தெகோஸ்தே சபைகளில் இது இன்னும் வேறு. பெரும்பாலும் அந்தந்தச் சபையின் பாஸ்டர் சொல்வதே முடிவாகிவிடுகிறது.

இருவரும் நெருங்கி வந்திருக்கிறார்களா?

நிறைய. 1963இல் மொன்றியாலில் கூடிய விசுவாசமும் ஒழுங்கும் மாநாட்டில் புரொட்டஸ்டன்டுகளும் கீழைச் சபையாரும், நாம் எல்லோருமே சுவிசேஷத்தின் மரபால்தான் கிறிஸ்தவர்களாக இருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவது பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. திருத்தந்தையின் அதிகாரத்தில் மட்டும் இன்னும் பெரிய நகர்வு இல்லை.

எங்கள் வீட்டில் நான் ஆர்.சி., என் வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. எந்தப் பைபிள் வாங்குவது?

1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வாங்குங்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. கூடுதல் நூல்களை 'இணைத் திருமுறை' என்று தனிப்பகுதியாக வைத்திருப்பதால் இரண்டு பேரும் சங்கடமில்லாமல் கையில் எடுக்கலாம். அதோடு அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த பழைய வேதாகமமும் வீட்டில் இருக்கட்டும். இராத்திரி ஜெபத்துக்கு ஒருநாள் இது, ஒருநாள் அது என்று வாசியுங்கள். சீராக் 3ஆம் அதிகாரத்தை, பெற்றோரை மதிப்பது பற்றியது, உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். தள்ளுபடி ஆகமம் என்று கேள்விப்பட்டிருந்தவர்கள் பலர் அதைக் கேட்டுவிட்டு எங்கே இருக்கிறது என்று பக்க எண் கேட்கிறார்கள்.